ரோச் லைற் பிடிச்ச காலம்

என்னுடைய தொழில் என்னவென்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த இருபது வருசமாக முயற்சி செய்கிறேன். முதலில் "கொம்பியூட்டர் திருத்திறன்" என்றேன். விளங்கியது. பிறகு "கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுறன்" என்றேன். அரைவாசி விளங்கியது. அதற்குப் பிறகு "வெளிநாட்டிலை கிடக்கிற கொம்பியூட்டரை இஞ்சை இருந்து பாக்கிறன்" என்று சொன்னபோது, "ஏன், அங்கை பாக்க ஆக்கள் இல்லையோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இப்போது கேட்டால் உண்மையான பதில், "இன்னொரு மெசின் எழுதிறதைச் சரி பிழை பாக்கிறன்" என்பதுதான். அதை இன்னும் வீட்டில் சொல்லவில்லை. கொப்பி திருத்துகிற ரீச்சர் வேலை என்று சொன்னால் சந்தோசப்படுவார் என்று நினைக்கிறேன்.

தொடங்கியது 2003இல். அதற்கு முந்தின வருசம், போரால் மூடிக் கிடந்த ஏ9 வீதி திறந்து, கொழும்பிலிருந்து பாவித்த கொம்பியூட்டர்கள் லொறியில் கிளிநொச்சிக்கு வரத் தொடங்கியிருந்தன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வட்டக்கச்சியில் சும்மா திரிந்த என்னை, கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்டத் திருத்துகிற கடை வைத்திருந்த ஒரு அண்ணையிடம் மாமா கொண்டுபோய் விட்டார். முதல் ஆறு மாதம் நான் செய்த வேலை ரோச் லைற் பிடித்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. எங்களுக்கு நாட்டின் பொது மின்சாரமான லக்சபான கரண்ட் இல்லை, ஜெனரேற்றர்தான். அது நின்றால் கடை இருட்டு. ஓடினாலும் கேசிங்குக்குள் இருட்டு. அண்ணை உள்ளே கையை விட்டுக்கொண்டு, "மேலை... இன்னும் இடப்பக்கம்... எட தம்பி, உன்ரை முகத்துக்கு இல்லை, மதர்போட்டுக்கு" என்பார்.

வருகிற வருத்தங்களில் பாதி ஒரே வருத்தம். சுவிட்சைப் போட்டால் திரையில் ஒன்றும் வராது, உள்ளேயிருந்து நீளமாகப் பீப், பீப் என்று சத்தம் வரும். அண்ணை முதலில் கேசிங்கின் இரும்பை ஒருக்காத் தொடுவார். உடம்பிலுள்ள மின்னேற்றம் அதில் போய்விடும். அப்புறம் ராமை, அதாவது நினைவகத் தகட்டைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிறப்பரை எடுத்து, அந்தத் தங்கப் பற்களை ஒரு பக்கமாக மட்டும் தேய்ப்பார். மேலும் கீழும் தேய்க்கக் கூடாது. தேய்த்த இடத்தில் விரல் படக் கூடாது. ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். திரும்பச் செருகும்போது இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் மறுபடி. இவ்வளவும் அவர் எனக்கு வாயால் சொல்லித் தந்ததில்லை. ரோச் பிடித்துக்கொண்டு நின்றவனுக்குத் தானாகத் தெரிய வந்தது.

மதர்போட்டில் மின்னைத் தேக்கி வைக்கிற கப்பாசிற்றரின் கதையும் அப்படித்தான். வீங்கி, தலை வெடித்து, மண்ணிறமாகக் கசிந்த கப்பாசிற்றரோடு மதர்போட்டுகள் வரிசையாக வரும். ஜெனரேற்றர் கரண்ட் கூடிக் குறைவதால்தான் என்று நாங்கள் முழு மனதோடு நம்பினோம். அந்த வருசங்களில் உலகம் முழுக்கவே தரங்கெட்ட கப்பாசிற்றர்கள் சந்தைக்கு வந்து, பெயர்பெற்ற கம்பனிகளின் மதர்போட்டுகளே வெடித்துக்கொண்டிருந்தன என்பதைப் பல வருசம் கழித்து இணையத்தில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெனரேற்றர்காரரோடு எத்தனை சண்டை பிடித்திருப்போம்!

2006 ஓகஸ்டில் ஏ9 வீதியின் முகமாலைச் சோதனைச்சாவடி மூடப்பட்டது. யாழ்ப்பாணப் பாதை அடைபட்டது, தெற்கே ஓமந்தைச் சோதனைச்சாவடிப் பக்கமும் சாமான் வருவது மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு ராம் போனால் புது ராம் இல்லை. செத்த கொம்பியூட்டர்களின் உறுப்புகளை எடுத்துச் சாகாததில் போட்டோம். மூன்றை உடைத்து ஒன்று செய்வது எங்கள் தனித்திறமை. அதே 2006 ஓகஸ்டில்தான் அமேசான் கம்பனி, எங்கோ கிடக்கிற கொம்பியூட்டரை மணித்தியாலத்துக்கு 10 அமெரிக்கச் சதம் என்று வாடகைக்கு விடும் சேவையைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில் இந்தத் திகதியைத் திரையில் பார்த்தபோது வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான் முகமாலையை நினைத்துக்கொண்டு இருந்தேன். கொம்பியூட்டர் பக்கத்தில் இருக்கவே தேவையில்லை என்று உலகம் முடிவெடுத்த அந்த மாதம், ஒரு ராம் எங்கள் கைக்கு வராமல் போன மாதமும்கூட.

2008 கடைசியில் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டோம். கடையில் இருந்தவற்றை எடுக்க வழியில்லை. அண்ணை ஐந்தாறு ஹாட்டிஸ்க்கை மட்டும் கழற்றிப் பொலித்தீன் பையில் சுற்றி, உடுப்புப் பையின் அடியில் வைத்தார். ஆக்கள் திருத்தத் தந்தவை. கலியாணப் படங்கள், ஒரு சங்கத்தின் கணக்குகள், ஒரு பள்ளிக்கூடத்தின் இடாப்பு. "பெட்டியை விட்டாலும் இதை விடேலாது, ஆக்களுக்குப் பதில் சொல்ல வேணும்" என்றார். அந்த ஹாட்டிஸ்க்குகள் இந்தப் பக்கம் வந்து சேரவில்லை. அண்ணையும் வரவில்லை. அதை இந்தக் கட்டுரையில் எழுதப்போவதில்லை.

2009 ஒக்டோபரில் நான் செட்டிகுளத்தில், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக்பாம் முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த மாதக் கடைசியில் பெல்ஜியத்தில் கெண்ட் என்ற ஊரில் பட்ரிக் டெபுவா என்பவர் ஒரு கூட்டம் கூட்டினார். புரோகிராம் எழுதுபவர்களும், அந்தப் புரோகிராம் ஓடுகிற சேர்வர் கொம்பியூட்டர்களைப் பார்ப்பவர்களும் ஏன் தனித்தனி மதிலுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று அங்கே பேசினார்கள். இரண்டு வேலையையும் சேர்த்துச் சொல்லும் 'டெவொப்ஸ்' என்ற சொல் பிறந்தது அந்தக் கூட்டத்தோடு. எட்டு வருசம் கழித்து எனக்குச் சம்பளம் தந்தது அந்தச் சொல்தான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு முதல் வேலை கொம்பியூட்டர் திருத்துவது அல்ல, போட்டோக்கொப்பி அடிப்பது. தகரக் கொட்டிலில் ஒரு மெசின், ஒரு பழைய கொம்பியூட்டர். சனத்துக்குத் தேவை படிவங்கள். பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவருக்குப் படிவம், காணி உறுதி தொலைந்தவருக்குப் படிவம், எல்லாம் தொலைந்தவருக்கு எல்லாப் படிவமும். நான் தொழில்நுட்பவியலாளனா, விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவனா என்று எனக்கே தெரியாத காலம். சரி, இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

2011இல் பரந்தன் பக்கம் ஒரு அரிசி ஆலைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். நெல்லு உள்ளே வந்த கணக்கு, அரிசி வெளியே போன கணக்கு, உமி, தவிடு, பில். விசுவல் பேசிக் 6இல் எழுதினேன். அந்த மொழிக்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2008இலேயே நிறுத்திவிட்டது. நான் எழுதத் தொடங்கும்போதே அது செத்த மொழி. ஆனால் என்னிடம் இருந்த சீடி அதுதானே. இந்த ஆலையை மறக்க வேண்டாம், திரும்ப வருவோம்.

அதன் பிறகு வெப்சைற் காலம். கோவில்கள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் எல்லாவற்றுக்கும் வெப்சைற் வேண்டும். வெப்சைற் செய்வது லேசு. தமிழ்தான் கஷ்டம். எங்கள் பக்கத்தில் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் 'அம்மா' என்று தட்டியது நாலு ஆங்கில எழுத்தும் நடுவில் ஒரு அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். எல்லாக் கொம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட்டுக்கு மாற்றாமல் இணையத்தில் ஏற்ற முடியாது.

சும்மா எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்று ஒரு மாற்றி எழுதினேன். ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அதில் போட்டு மாற்றிக் கொடுத்தேன். அழகாக இருந்தது. இரண்டு நாள் கழித்துச் செயலாளர் அழைத்தார். "தம்பி, கொக்கிளாய் ஆக்களைத் தேடினால் ஒருத்தரும் இல்லையெண்டு வருது. ஆனால் பட்டியலிலை கண்ணுக்கு முன்னாலை கிடக்கினம்."

ஒரு முழு இரவு போனது. பாமினியில் 'கொ' என்பதை மூன்று தட்டாகத் தட்டுவோம். முன்னால் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். பேனாவால் எழுதுகிற ஒழுங்கு. யூனிகோட்டில் முதலில் க, அதன் பிறகு 'ஒ'வுக்கான ஒரே குறி. என் மாற்றி கொம்பைக் கவனமாகத் தூக்கி க-வுக்குப் பின்னால் வைத்தது, ஆனால் காலை அப்படியே தனியாக விட்டுவிட்டது. திரையில் இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. கொம்பியூட்டருக்கு அவை வேறு வேறு. அதனால் கொக்கிளாயும் கொக்குத்தொடுவாயும் இருக்கின்றன, ஆனால் இல்லை. இந்த ஒரு இரவில் நான் படித்ததை எந்த டிப்ளோமாவும் எனக்குத் தரவில்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரிவதெல்லாம் சரியல்ல என்பதை நான் நம்பத் தொடங்கியது அந்த இரவிலிருந்து. இன்றைக்கு எனக்குச் சம்பளம் கிடைப்பதும் முக்கால்வாசி அந்தச் சந்தேகத்துக்குத்தான்.

2017இல் தூரத்து வேலை கிடைத்தது. ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் சேர்வர்களைக் கிளிநொச்சியில் இருந்தே பார்க்க வேண்டும். நான் ஒரு நாளும் காணாத, தொடாத, சத்தம் கேளாத கொம்பியூட்டர்கள். பழுதானால் திருத்துவதில்லை. அழித்துவிட்டு இன்னொன்றை உருவாக்கு என்று ஒரு கட்டளை. அண்ணையிடம் படித்தவனுக்கு அது முதலில் பாவமாக இருந்தது. மூன்றை உடைத்து ஒன்று செய்த கை ஐயா இது! நல்ல கொம்பியூட்டரை ஏன் அழிப்பான்? பழக ஒரு வருசம் எடுத்தது.

2020இல் ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டிலிருந்து வேலை செய்யத் தொடங்கியபோது எனக்கு ஒன்றும் மாறவில்லை. 2022தான் மாற்றியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. உழவு இயந்திரத்தின் பற்றரியில் ரூட்டரை ஓட்டிக்கொண்டு, உலகத்தின் அந்தப் பக்கம் 'ஒரு நிமிசமும் நிற்கக்கூடாத' சேர்வர்களைப் பார்த்தேன். சந்திப்பில் அவர்கள் என்னைக் கமராவைப் போடச் சொன்னால், அரிக்கன் லாம்பைப் பக்கத்தில் இழுத்து வைப்பேன். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த வருசம் 200 ரூபாவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. டொலரில் உழைத்தவன் நான். பக்கத்து வீட்டில் பசளை இல்லாமல் வயல் படுத்துக் கிடக்க, என் வீட்டில் மட்டும் பணம் கூடியது. அந்தக் காசைப் பற்றி நான் வெளியில் கதைப்பதில்லை.

அப்புறம் 2024 யூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகம் முழுக்கச் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கொம்பியூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் தடுமாறின. பல இடங்களில் அதைத் திருத்திய விதம்தான் எனக்குப் பிடித்தது. யாரோ ஒருவர் ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் நடந்துபோய், சேப் மோட்டில் திறந்து, அந்த ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. பத்து வருசமாக எவரும் திரும்பிப் பார்க்காத, காற்சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர் வைத்திருக்கிற ஆட்களை அன்றைக்குத் தேடித் திரிந்தார்கள். அண்ணை இருந்திருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பாத்தியோ" என்று மட்டும் சொல்லியிருப்பார்.

இனி இப்போதைய கதை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. அதற்கு முன்பே புரோகிராம் எழுதுபவர்களிடம் அரை வரி எழுதினால் மீதியை எழுதித் தரும் கருவிகள் வந்துவிட்டன. எங்கள் தொழில் முடிந்தது என்று அன்றிலிருந்து ஆட்கள் என்னைத் துக்கம் விசாரிக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முந்திய மாற்றங்களிலும் இதையேதான் சொன்னார்கள். திருத்துகிறவன் போய் எழுதுகிறவன் வந்தான், எழுதுகிறவன் போய் சேர்வர் பார்க்கிறவன் வந்தான். ஆள் ஒருவன்தான், பெயர்தான் மாறியது. எனக்குக் கவலை வேறு இடத்தில்.

என்னோடு ஒரு பொடியன் வேலை செய்கிறான். அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் படித்தவன். என்னை விட இரண்டு மடங்கு கெட்டிக்காரன். நான் அவனுடைய வயதில் ஒரு கிழமை எடுத்துச் செய்ததை அவன் அந்தக் கருவியிடம் கேட்டு மத்தியானத்துக்குள் முடிக்கிறான். முடித்ததைக் கொண்டுவந்து, "அண்ணா, வேலை செய்யுது" என்பான். "ஏன் வேலை செய்யுது?" என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான். அவனில் பிழை இல்லை. என்னை ஆறு மாதம் இருட்டில் நிற்க வைத்த அந்தச் சில்லறை வேலைகள் எல்லாம் இப்போது கருவிக்குப் போய்விட்டன. சில்லறை வேலை போனது நல்லதுதான். ஆனால் ரோச் லைற் பிடிக்கிற இடமும் சேர்ந்து போய்விட்டது. கொக்கிளாய் அகப்படாத இரவு அவனுக்கு எங்கே கிடைக்கும்? கம்பனிகள் புதிய பிள்ளைகளை எடுப்பதைக் குறைத்துவிட்டு, அனுபவசாலிகள் வேண்டும் என்று விளம்பரம் போடுகின்றன. அனுபவசாலி என்ன, ஆலமரத்தில் காய்ப்பதா?

இதை எழுத வைத்தது அந்த அரிசி ஆலைதான். போன காலபோக அறுவடை நேரம் முதலாளி ஐயா அழைத்தார்.

"தம்பி, உங்கடை புரோகிராம் வான் பாயுது."

"என்ன ஐயா?"

"ஓவர்ஃப்ளோ எண்டு எழுத்து வருது. இரணைமடுக் குளம் மாதிரி நிரம்பியிட்டுதாக்கும். நெல்லு லொறியள் வரிசையிலை நிக்குது. பில் அடிக்கேலாமல் கிடக்கு."

கடைசியாக அடித்த பில் நம்பர் என்ன என்று கேட்டேன். 32767 என்றார். எனக்குக் காது சுட்டது. அந்த மொழியில் 'இன்டிஜர்' என்று அறிவித்த ஒரு எண் அதுவரைதான் போகும். 32768க்கு அதில் இடமில்லை. 2011இல் 'இவ்வளவு பில் ஆர் அடிக்கப்போகினம்' என்று நினைத்து நான் வைத்த பெட்டி. வேலை நாளுக்கு எட்டோ ஒன்பதோ பில் என்று பதின்மூன்று வருசத்துக்கும் மேலாக அந்த மனுசன் அடித்து நிரப்பியிருக்கிறார்.

பழைய ஈமெயிலில் மூலக் கோப்பு கிடந்தது. பொடியன் அதைக் கருவியிடம் கொடுத்தான். பத்து விநாடியில் காரணத்தையும் சொல்லி, எந்த வரிகளை மாற்ற வேண்டும், தரவுத்தளத்தில் எந்த நெடுவரிசையை மாற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. முழுக்கச் சரி. நான் ஒன்றும் சேர்க்கவில்லை. ஆனால் ஆலைக் கொம்பியூட்டரில் இணையம் இல்லை. மைக்ரோசொப்ட் 2014இல் கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பியில் அது ஓடுகிறது. யாராவது போகத்தான் வேண்டும். "வா, ஏறு" என்று பொடியனை மோட்டார் சைக்கிளில் ஏற்றினேன்.

புதிய கோப்பைப் போட்டோம். எதற்கும் ஒருக்கா நிறுத்திப் போட்டுப் பார்ப்போம் என்று நான் கொம்பியூட்டரை நிறுத்தினேன். அது என் இரண்டாவது பிழை. திரும்பத் திரை வரவில்லை. உள்ளேயிருந்து நீளமாக ஒரு பீப். பொடியன் போனை எடுத்து என்னவோ தட்டத் தொடங்கினான்.

"அதை வை. லைற்றைப் போட்டுப் பிடி."

கேசிங்கைத் திறந்தால் உள்ளே ஒரு விரல் தடிப்புக்கு உமித் தூசு. ஒரு மூலையில் எலி கடித்த கடதாசிக் கும்பம். இரும்பைத் தொட்டுவிட்டு ராமைக் கழற்றினேன். முதலாளியின் பேத்தி மேசையில் வைத்திருந்த பென்சில் பெட்டியில் அழிறப்பர் இருந்தது. பொடியன் போன் வெளிச்சத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ரை முகத்துக்கு இல்லையடா. மதர்போட்டுக்கு."

ஒரு பக்கமாகத் தேய்த்தேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டிருந்தான். செருகும்போது ஒரு 'டக்' மட்டும் கேட்டது. நான் சொல்ல முன்னமே அவன், "அண்ணா, மற்றப் பக்கம் கேக்கேல்லை" என்றான்.

திரை வந்தது. பில் 32768 அச்சாகி வந்தது. முதலாளி ஐயா அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒருக்காப் பார்த்தார்.

"இனி எவ்வளவு மட்டும் போகும்?"

"214 கோடி மட்டும் போகும் ஐயா."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு உங்கடை பேத்தி பாப்பா."

தலையை ஆட்டினார். வெளியே லொறி ஒன்று கோன் அடித்தது. நாங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது, "வந்த நீங்கள் வந்திட்டியள்," என்று மூலையில் கிடந்த பழைய பிரிண்டரைக் காட்டினார், "இதையும் ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோவன்."